நடுவர் நாற்காலி

மதுரையில் ஆவணி மாதம் பிறந்துவிட்டால் சொக்கநாதருக்கு ஓய்வு ஒழிச்சல் கிடையாது. ஒரு நாள் கருங்குருவிக்கு உபதேசம் செய்யவேண்டும். மறுநாள் நாரைக்கு மோட்சம் கொடுக்கவேண்டும். வளையல் விற்கவேண்டும். நரியைப் பரியாக்கவேண்டும். புட்டுத் தோப்புக்குப் போய்ப் பிட்டுக்கு மண் சுமந்து பிரம்படி படவேண்டும். அந்தத் தழும்பு ஆறுவதற்குள் தலையில் விறகுக் கட்டை ஏற்றி அனுப்பிவிடுவார்கள். இத்தனையும் மூல உற்சவத்தில் அடங்கிய லீலைகள். மாசி வீதியில் கூட்டத்தோடு கூட்டமாக நின்று, விறகு விற்ற லீலையைப் பல வருஷங்கள் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு வருஷமும் பக்கத்தில் யாராவது ஒருவர் தம் குழந்தைக்கு அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருப்பார். "வடக்கேயிருந்து ஒரு பாகவதர் வந்தாரு. நம்ம ஊர்ப் பாட்டுக்காரங்களையெல்லாம் அடிமையாக்கப் பாத்தாரு. சாமியே வந்து பாடித் தொரத்திட்டாரு!"

இந்தக் கதைக்கு இப்போது புராணத்தைவிட ஒரு சினிமாவே ஆதாரம். 1965-ல் ஏ. பி. நாகராஜன் எடுத்த 'திருவிளையாடல்' வந்த பிறகு, ஏமநாதன் என்றால் பாலையாவின் முகம்தான் நம் கண்முன் நிற்கும். பாலமுரளி கிருஷ்ணா அவருக்காகப் பாடிய ராகமாலிகைதான் காதில் ஒலிக்கும். பாணபத்திரனாக நடித்த டி. ஆர். மகாலிங்கம் நம் சோழவந்தானை அடுத்த தென்கரைக்காரர். விறகு வெட்டியாக வந்த சிவாஜிக்குப் பின்னணி பாடிய சௌந்தரராஜன் மதுரையிலேயே பிறந்தவர். ஆகவே மதுரைக் கட்சி வென்றதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை!

ஆனால் ஒரு விஷயத்தை நேயர்கள் கவனித்திருக்கிறீர்களோ என்னவோ. ஏமநாதனுக்கும் பாணபத்திரனுக்கும் போட்டி நடக்கவே இல்லை. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் 41-வது படலத்தை எடுத்துப் பாருங்கள். கிழவிறகு வெட்டியாக வந்த இறைவன், ஏமநாதன் தங்கியிருந்த வீட்டுத் திண்ணையில் அமர்ந்து சாதாரிப் பண்ணைப் பாடுகிறான். அந்தப் பண்ணை இன்றைய பந்துவராளிக்குச் சமமாகச் சொல்வார்கள். "நீ யார்?" என்று ஏமநாதன் கேட்கிறான். "பாணபத்திரரிடம் பாட்டுக் கற்கப் போனேன். கிழவன், உதவமாட்டாய் என்று தள்ளிவிட்டார்" என்கிறான் விறகுக்காரன். தள்ளுபடியான சீடனின் பாட்டே இப்படியென்றால் குருவின் பாட்டு எப்படி இருக்கும்? ஏமநாதன் அன்று இரவே ஊரை விட்டுப் புறப்பட்டுவிட்டான். மறுநாள் சபை கூடியபோது ஒரு கட்சிதான் இருந்தது. தீர்ப்புச் சொல்ல வேண்டிய கஷ்டம் யாருக்கும் ஏற்படவில்லை.

தீர்ப்புச் சொல்ல வேண்டிய கஷ்டம் ஏற்பட்ட போட்டி வேறு ஒன்று உண்டு. அது 44-வது படலம். 'இசைவாது வென்ற படலம்' என்று பெயர். ஆவணி உற்சவத்தில் அதை நடித்துக் காட்டுவதில்லை. சினிமாவிலும் அது வரவில்லை. விறகுக் கட்டும் கோடாரியும் கொடுத்தால் சுவாமி பார்க்க லட்சணமாக இருப்பார். ஒரு மூலையில் உட்கார்ந்து பாட்டுக் கேட்கும் சுவாமியை எப்படி அலங்காரம் செய்வது? ஆனால் என்னைப் பொறுத்தவரையில் அதுதான் மதுரையின் உண்மையான சங்கீதப் போட்டிக் கதை. அதைப் பற்றி எழுத எனக்குச் சொந்தக் காரணமும் ஒன்று இருக்கிறது. அந்தக் காரணம் ஒரு நாற்காலி. அதைப் பிறகு சொல்கிறேன்.

வரகுணனுக்குப் பின்னால் மதுரையை ஆண்டவன் இராசராச பாண்டியன் என்கிறது புராணம். அவனுடைய ஆசை நாயகியருள் ஒருத்தி நன்றாகப் பாடுவாள். ஆனால் சோமசுந்தரர் சந்நிதியில் தினமும் பாடி வந்த பாணபத்திரனின் மனைவி அவளைவிட நன்றாகப் பாடினாள். அந்தப்புரத்தில் இதைப் பொறுத்துக்கொள்ள முடியுமா? அரசன் காதில் விஷயம் ஏறியது. பாணபத்திரன் மனைவியை எப்படியாவது தலை குனிய வைப்பது என்று தீர்மானமாயிற்று. உள்ளூர்க்காரி தோற்கடித்தால் பொறாமை என்பார்கள். எனவே கடல் கடந்து ஈழ நாட்டுக்கு ஓலை போயிற்று. அங்கே புகழ் பெற்ற பாடினி ஒருத்தி விருதுகளோடும் மாணவிகளோடும் மதுரைக்கு வந்து சேர்ந்தாள். பத்திரிகைகள் அந்த நாளில் இருந்திருந்தால் 'மதுரையில் சர்வதேச சங்கீதப் போட்டி' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள்.

தோற்றவள் வென்றவளுக்கு அடிமையாகவேண்டும் என்று பந்தயம். சபை கூடியது. ஈழத்துப் பாடினி பாடினாள். பாணபத்திரன் மனைவி பாடினாள். முடிவில் அரசன் வாய் திறந்து, வென்றவள் ஈழத்துக்காரி என்றான். அரசன் சொல்லிவிட்டான் அல்லவா? சபையில் இருந்த இசைப் புலவர்கள் அத்தனை பேரும் அதையே சொன்னார்கள்.

இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பது என் வழக்கம். அரசனை நான் மன்னித்துவிடுவேன். அவன் தன் நாயகிக்காகப் பேசினான். அவனுக்கு அது வீட்டுக் கவலை. ஆனால் அந்த சபையோர்? அவர்கள் சங்கீதம் தெரியாதவர்கள் அல்ல. சுருதி எங்கே விலகிற்று, தாளம் எங்கே நின்றது என்று அணு அணுவாகத் தெரிந்தவர்கள். அரசனுக்குப் பயந்தவர் சிலர் இருக்கலாம். எனக்கென்னவோ, அதில் பாதிப் பேர் பயப்படக்கூட இல்லை என்று தோன்றுகிறது. அரசன் சொன்ன பிறகு ஈழத்துக்காரி பாடியதே நன்றாக இருந்ததாக அவர்கள் உண்மையாகவே நினைத்திருப்பார்கள். மனித மனம் அப்படிப்பட்ட நல்ல வேலைக்காரன். எஜமான் கேட்பதற்கு முன்பே காரியத்தை முடித்து வைத்துவிடும்.

பாணபத்திரன் மனைவி அழவில்லை. நீதி கேட்டு நகரையும் எரிக்கவில்லை. மதுரைக்கு ஒரு முறை எரிந்தது போதும்! அரசன் நினைத்ததைச் சபை சொல்கிறது என்பதை அவள் தெரிந்துகொண்டாள். சிவபெருமான் சந்நிதியில் பாடுகிறோம், அங்கே தீர்ப்புச் சொல்லட்டும் என்று கேட்டாள். அரசனும் ஒப்புக்கொண்டான். அவள் கோயிலுக்குப் போய் முறையிட, அஞ்சவேண்டாம் என்று அபயம் கிடைத்தது. மறுபடி பாட்டு நடந்தது. பாடியவர்கள் அவர்களேதான். கேட்டவர்களும் அவர்களேதான். கூட்டத்தில் புதிதாக ஓர் இசைப் புலவர் மட்டும் வந்து உட்கார்ந்திருந்தார். அவர் யார் என்று நான் சொல்லவேண்டியதில்லை. அவர் பாடவும் இல்லை, வாதாடவும் இல்லை. சும்மா உட்கார்ந்து கேட்டார். பாட்டு முடிந்ததும் அரசன் தன்னை அறியாமல் உண்மையைச் சொன்னான். வென்றவள் பாணபத்திரன் மனைவி. சபையோர் இப்போதும் 'ஆமாம்' என்றார்கள்.

எவ்வளவு நுட்பமான கதை என்று பாருங்கள்! விறகு விற்ற கதையில் இறைவன் பாடகனைக் காப்பாற்றுகிறான். இதில் அவன் பாடகிக்கு ஒரு ஸ்வரம்கூடக் கடன் கொடுக்கவில்லை. அவளுக்கு அது தேவைப்படவும் இல்லை. திருத்த வேண்டியிருந்தது பாட்டை அல்ல, காதை.

எனக்கு ஒரு குறை உண்டு. ஏமநாதனுக்குப் பெயர் இருக்கிறது. பாணபத்திரனுக்குப் பெயர் இருக்கிறது. இந்தக் கதையில் பாடிய இரண்டு பெண்களுக்கும் பெயர் இல்லை. ஒருத்தி பத்திரன் மனைவி. மற்றொருத்தி ஈழத்துப் பாடினி. அந்த ஈழத்துக்காரியை நினைத்தால் பாவமாகக்கூட இருக்கிறது. அழைத்தவன் அரசன், வந்த இடம் அயல் நாடு. அவன் ஜயிக்கச் சொன்னால் ஜயிக்கவேண்டும். கடைசியில் அடிமைப் பட்டமும் அவளுக்குத்தான். சூது செய்தவன் சிங்காசனத்திலேயே இருந்தான்.

நடுவர் என்பவர் யார், அவரை எங்கிருந்து பிடிப்பது என்ற கவலை இந்த ஊருக்கு வெகு பழமையானது. சங்கப் பலகையின் கதை என்ன? தகுதி உள்ள புலவனுக்கு மட்டும் இடம் கொடுத்து வளரும் பலகை அது. மனிதனை நம்ப முடியாது, மரத்தையாவது நம்புவோம் என்று மதுரைக்காரர்கள் நினைத்திருக்கிறார்கள். அதைவிட அழகானது ஊமைப் பிள்ளையின் கதை. இறையனார் களவியலுக்குப் புலவர்கள் ஆளுக்கு ஓர் உரை எழுதிவிட்டு, எது சிறந்தது என்று தங்களுக்குள் கலகம் செய்தார்கள். அப்போது உருத்திரசன்மன் என்ற சிறுவனை நடுவில் உட்காரவைத்தார்கள். அவன் பேச மாட்டான். ஒவ்வோர் உரையாக வாசித்தார்கள். பையன் சும்மா இருந்தான். மருதன் இளநாகனார் உரையைக் கேட்டபோது சிற்சில இடங்களில் மெய்சிலிர்த்தான். நக்கீரர் உரையைப் படித்தபோது பதந்தோறும் கண்ணீர் வார்ந்து மெய்சிலிர்த்து இருந்தான். அதுவே தீர்ப்பு. ஊமைக்கு முன்கூட்டிச் சொல்லி வைக்க முடியாது. சொல்லி வைத்தாலும் அவன் மயிர்க்கூச்செறிவது அவன் கையில் இல்லை. இதைவிட நல்ல நடுவரை யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. 1952-ல் அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து வாத்தியக் குழுவினர், ஆள் எடுக்கும்போது வாசிப்பவருக்கும் நடுவர்களுக்கும் நடுவே ஒரு திரையைத் தொங்கவிட்டார்கள். அவர்களுக்குத் தோன்றியது திரை. நமக்குத் தோன்றியது ஊமைப் பிள்ளை. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்.

பாண்டியன் காலத்தை விட்டுச் சற்றுக் கிட்டத்துக்கு வருவோம். தஞ்சை அரண்மனைக்குப் பொப்பிலி கேசவய்யா என்ற வித்வான் தம்பூராவில் கொடி கட்டிக்கொண்டு வந்து அறைகூவியதும், சியாமா சாஸ்திரிகள் காமாட்சி முன்னால் நின்று சிந்தாமணி ராகத்தில் முறையிட்டுவிட்டுப் போய், கேசவய்யாவின் சிம்மநந்தன தாளத்துக்குச் சரபநந்தன தாளத்தால் பதில் சொன்னதும் கர்ண பரம்பரையான கதை. நம் ஊர் மீனாட்சியின் மீது ஒன்பது கிருதிகள் பாடியவரும் அதே சாஸ்திரிகள்தான். தாளத்தில் போட்டி என்றால் நடுவருக்கு வேலை சுலபம்; கணக்குத் தவறினால் தவறினதுதான். பாவத்தில் போட்டி வரும்போதுதான் சங்கடம். 1844-ல் வையச்சேரியில் பிறந்த வைத்தியநாதையருக்குப் பன்னிரண்டாவது வயதில் 'மகா' பட்டம் கிடைத்தது கல்லிடைக்குறிச்சியில். அங்கே பெரிய பெரிய வித்வான்கள் நடுவில் அந்தப் பாலகன் பாடினான். பட்டம் கொடுத்தவர் திருவாவடுதுறை ஆதீனத்துச் சுப்பிரமணிய தேசிகர். தேசிகர் பணம் உள்ள மடாதிபதி மட்டும் அல்ல, சங்கீதத்தில் தோய்ந்தவர். காசும் காதும் ஒரே இடத்தில் இருந்தது அந்தப் பையனின் அதிருஷ்டம்.

அப்புறம் ராஜாக்கள் போனார்கள்; சபாக்கள் வந்தன. 1927-ல் காங்கிரஸ் மகாசபை சென்னையில் கூடியபோது சங்கீத மகாநாடும் நடந்தது. அதன் பலனாக 1928-ல் சங்கீத வித்வத் சபை பிறந்தது. மாணவ மாணவிகளுக்குப் போட்டி, மார்க், கோப்பை எல்லாம் வந்து சேர்ந்தன. 1978-ல் அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகரத்தில் நம்மவர்கள் தியாகராஜ ஆராதனை தொடங்கினார்கள். அங்கேயும் குழந்தைகளுக்குப் போட்டி உண்டு. ஏழு கடலுக்கு அப்பால் பந்துவராளிக்கு மார்க் போடுகிறார்கள்.

ஐரோப்பாவில் இந்தப் போட்டிகளைப் பெரிய சாஸ்திரமாகவே ஆக்கியிருக்கிறார்கள். நம்முடைய சபாவும் அவர்களுடைய போட்டியும் ஏறக்குறையச் சம வயது. அதே 1927-ல்தான் போலந்து தேசத்தின் வார்ஸா நகரத்தில், சோப்பின் என்ற சங்கீத மேதையின் பெயரால் சர்வதேசப் பியானோ போட்டி ஆரம்பமாயிற்று. முதல் பரிசு ருஷ்யாவிலிருந்து வந்த லெவ் ஒபோரினுக்கு. அதே போட்டியில் அவருடைய தேசத்து இளைஞர் இன்னொருவரும் வாசித்தார். அவருக்குப் பரிசு இல்லை. ஒரு நற்சான்றிதழைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். ஷோஸ்டகோவிச் என்பது அவர் பெயர். இருபதாம் நூற்றாண்டின் மகா பெரிய சாகித்திய கர்த்தாக்களில் ஒருவர் என்று பின்னால் உலகம் அவரைக் கொண்டாடியது. நடுவர்கள் மேல் தப்பில்லை. அவர்கள் கேட்டது அவர் விரலை. உலகம் பிறகு கேட்டது அவர் மனத்தை.

முப்பத்தொரு வருஷம் கழித்து, 1958-ல், மாஸ்கோவில் சைகோவ்ஸ்கி பெயரால் புதிதாக ஒரு சர்வதேசப் போட்டி ஆரம்பித்தபோது, அதன் அமைப்புக் குழுவுக்குத் தலைவராக உட்கார்ந்தவர் இதே ஷோஸ்டகோவிச். இந்தப் போட்டியைப் பற்றி நான் விஸ்தாரமாகச் சொல்லத்தான் வேண்டும். ஏனென்றால் அது நம் இராசராச பாண்டியன் கதை.

முந்தைய வருஷம் அக்டோபரில்தான் ருஷ்யர்கள் ஸ்புட்னிக்கை விண்ணில் விட்டிருந்தார்கள். ஆகாயத்தில் முதல்வர் நாமே, அரங்கத்திலும் நாமே முதல்வர் என்று காட்ட ஆசை. பல தேசங்களுக்கும் ஓலை போயிற்று. அமெரிக்காவில் டெக்ஸஸ் மாகாணத்திலிருந்து வான் கிளைபர்ன் என்ற 23 வயது வாலிபன் வந்தான். நெட்டையன், சுருட்டை முடி, குழந்தை முகம். அவன் கடைசிச் சுற்றில் சைகோவ்ஸ்கியையும் ராக்மனினாவையும் வாசித்து முடித்தபோது, மாஸ்கோ ஜனங்கள் எழுந்து நின்று எட்டு நிமிஷம் கை தட்டினார்கள் என்கிறார்கள். தங்களுடைய பாட்டைப் பகை நாட்டுப் பையன் தங்களைவிட உருகி வாசித்தால் யாருக்குத்தான் கண் கலங்காது? நடுவர்களில் ரிக்டர் என்ற மகா வித்வான், அந்தப் பையனுக்கு முழு மார்க்கைப் போட்டுவிட்டு, மற்றவர்கள் பலருக்குப் பூஜ்யம் போட்டார் என்பது பிரசித்தம்.

ஆனாலும் அமெரிக்கனுக்கு முதல் பரிசு கொடுக்க யாருக்குத் துணிச்சல் வரும்? நடுவர் குழுவுக்குத் தலைவர் கிலெல்ஸ். அவரும் உலகப் பிரசித்தர். விஷயம் மந்திரி வரைக்கும் போய், கடைசியில் குருஷ்சேவிடமே போயிற்று. "அவன்தான் எல்லோரிலும் சிறந்தவனா?" என்று கேட்டாராம் குருஷ்சேவ். ஆமாம் என்றார்களாம். "அப்படியானால் அவனுக்கே கொடுங்கள்" என்றாராம். பரிசு கொடுத்துவிட்டார்கள். பையன் ஊர் திரும்பியபோது நியூயார்க் வீதியில் காகித மழை பொழிந்து ஊர்வலம் விட்டார்கள்.

இந்தக் கதையை எல்லோரும் குருஷ்சேவின் பெருந்தன்மைக்கு உதாரணமாகச் சொல்கிறார்கள். எனக்கு அதில் வேறொன்றுதான் கண்ணில் படுகிறது. உலகத்திலேயே பியானோவை நன்றாக அறிந்த மனிதர்கள் ஓர் அறையில் கூடியிருக்கிறார்கள். அவர்கள் எல்லோர் காதும் ஒரே பெயரைச் சொல்கிறது. ஆனாலும் பியானோவுக்கும் தமக்கும் சம்பந்தமில்லாத ஓர் அரசியல்வாதியிடம் போய், எங்கள் காதை நாங்கள் நம்பலாமா என்று கேட்டு வருகிறார்கள். அன்று அரசன் உண்மையைச் சொன்னான். சபையோரும் 'ஆமாம்' என்றார்கள். அவன் வேறு மாதிரிச் சொல்லியிருந்தால்?

அதே போட்டியில் இரண்டாம் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களில் ஒருவர் சீனாவிலிருந்து வந்த லியு ஷிகுன். சில வருஷங்களில் சீனாவில் கலாசாரப் புரட்சி வந்தது. மேல்நாட்டு வாத்தியம் வாசித்த குற்றத்துக்காக அவரைச் சிறையில் போட்டார்கள். அவர் கையையே அடித்து முறித்தார்கள். அவர் பிழைத்து வந்து மறுபடி வாசித்தார். மேடையில் மார்க் போடும் நடுவர்கள் போதாதென்று, தேசமே நடுவராகிவிட்டால் அப்படித்தான்.

1980-ல் வார்ஸாவில் இன்னொரு கலகம். யூகோஸ்லாவியாவிலிருந்து வந்த போகொரெலிச் என்ற இளைஞனைக் கடைசிச் சுற்றுக்கு முன்பே நடுவர்கள் தள்ளிவிட்டார்கள். 1965-ல் அதே போட்டியில் முதல் பரிசு வாங்கிய மார்த்தா ஆர்கெரிச் அம்மையார் நடுவர்களில் ஒருவர். அவன் ஒரு மேதை என்று சொல்லிவிட்டு, நாற்காலியை விட்டு எழுந்து போய்விட்டார். அந்த வருஷம் முதல் பரிசு வாங்கியவர் வியட்நாமைச் சேர்ந்த டாங் தாய் சான். ஹனாய் நகரத்தின் மீது குண்டு விழுந்த காலத்தில் கிராமத்துக்குக் குடிபெயர்ந்து அங்கே சாதகம் செய்தவர். ஆசியாவிலிருந்து அந்தப் பரிசை வாங்கிய முதல் மனிதர். பரிசு வாங்கியவரும் மேதை. பரிசு வாங்காதவரும் மேதை. பத்திரிகைகள் என்னவோ எழுந்து போன அம்மையாரைப் பற்றித்தான் எழுதித் தள்ளின. அவர் செய்தது சரியா என்று நான் வாதாடப் போவதில்லை. நாற்காலியை விட்டு எழுந்திருக்க முடியும் என்பதை எனக்கு ஞாபகப்படுத்தியவர் என்ற அளவில் அவருக்கு ஒரு கும்பிடு. மாஸ்கோப் போட்டியோ, உக்ரெய்ன் யுத்தம் காரணமாக, 2022 ஏப்ரலில் சர்வதேச இசைப் போட்டிகளின் சம்மேளனத்திலிருந்து விலக்கப்பட்டது. அரசன் நடத்தும் போட்டிக்கு அரசனின் பாவமும் சேர்ந்துதான் வரும் போலிருக்கிறது.

இனி என் நாற்காலிக் கதை.

சில வருஷங்களுக்கு முன்னால் எங்கள் பக்கத்து சபா ஒன்று மாணவிகளுக்குப் பாட்டுப் போட்டி வைத்தது. சபாவின் பெயர் வேண்டாம். நடுவர்கள் மூன்று பேர். ஒருவர் வயதான நாதசுர வித்வான். மற்றொருவர் ஒரு பாட்டு வாத்தியாரம்மா. மூன்றாவது நான். கதை எழுதுகிறவனுக்குச் சங்கீதத்தில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். அழைப்பிதழில் போட ஒரு பெயர் வேண்டியிருந்தது. காரில் என்னை அழைத்துப் போன சபாக் காரியதரிசி, பாதி வழியில், "ஸார், நம்ம தலைவரோட பேத்தியும் பாடுது. அதுக்காக நீங்க ஒண்ணும் விசேஷமாச் செய்யணும்னு நான் சொல்லலை" என்றார். அவர் சொல்லவில்லை. அது சத்தியம்.

பேத்தி கல்யாணி பாடினாள். குற்றம் சொல்ல முடியாத பாட்டு. மனப்பாடம் செய்த கல்பனா ஸ்வரங்கள் மணி மணியாக வந்து விழுந்தன. அவளுக்கு நாலு பேர் தள்ளி ஒரு பெண் வந்தாள். சோழவந்தான் பக்கத்துக் கிராமம். பஸ்ஸில் வந்த அலுப்பு முகத்தில் தெரிந்தது. கூட வந்தவர் தாய்மாமன். சுருதிப் பெட்டிகூடச் சபாவுடையதுதான். அவள் கண்ணை மூடிக்கொண்டு பந்துவராளியை ஆரம்பித்தாள். நடுவில் ஓர் இடத்தில் தாளம் சற்று இழுத்தது; வாஸ்தவம். ஆனால் அவள் மேல் ஸ்தாயி ஷட்ஜத்தில் போய் நின்றபோது, மின்சார விசிறியின் சத்தம்கூட எனக்குக் கேட்காமல் போயிற்று. பக்கத்தில் நாதசுரக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். என் முன்கையில் ரோமம் குத்திட்டது. உருத்திரசன்மன் என்னிடமும் ஒரு கணம் வந்து போனான்.

தாளில் பென்சிலால் அவளுக்கு 80 என்று போட்டேன். பேத்திக்கு முன்பே போட்டிருந்தது 70. அந்தச் சமயத்தில் சபாத் தலைவர் உள்ளே வந்து முன் வரிசையில் அமர்ந்தார். என்னைப் பார்த்துக் கை கூப்பினார், புன்சிரிப்புச் சிரித்தார். அவ்வளவுதான். மிக நல்ல மனிதர். அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

நான் தாளைத் திரும்பப் பார்த்தேன். லயம் என்ற கட்டத்தைப் பார்த்ததும், தாளம் இழுத்தது ஞாபகம் வந்தது. உச்சரிப்பு என்ற கட்டத்தைப் பார்த்ததும், ஓரிரண்டு வார்த்தைகள் கிராமத்து வாசனையோடு வந்தது ஞாபகம் வந்தது. ரப்பரை எடுத்தேன். 80 என்பது 68 ஆயிற்று. பேத்தியின் ஸ்வரங்களுக்கு இன்னும் கொஞ்சம் தாராளமாகப் போட்டிருக்கலாமே என்று தோன்றிற்று. 70 என்பது 75 ஆயிற்று. நான் பொய் எழுதுவதாக எனக்குத் தோன்றவே இல்லை. நியாயமாக நடந்துகொள்வதாகத்தான் தோன்றியது.

கூட்டிப் பார்த்தார்கள். வித்வான் கிராமத்துப் பெண்ணுக்கு 82-ம் பேத்திக்கு 64-ம் போட்டிருந்தார். வாத்தியாரம்மா 66-ம் 78-ம் போட்டிருந்தாள். என்னுடையதைச் சேர்த்தால் ஒருத்திக்கு 216, மற்றொருத்திக்கு 217. ஒரே ஒரு மார்க்கில் தலைவரின் பேத்தி முதல் பரிசு வாங்கினாள். வித்வான் என் தாளை ஒரு தரம் எடுத்துப் பார்த்தார். ரப்பர் தேய்த்த இடத்தில் காகிதம் மெலிந்திருந்தது. ஒன்றும் சொல்லாமல் கீழே வைத்துவிட்டார்.

கூட்டம் கலைந்த பிறகு வாசலில் காருக்காக நின்றிருந்தோம். அந்தத் தாய்மாமன் ஒரு துணிப்பையோடு என்னிடம் வந்தார். பெண் அவருக்குப் பின்னால் நின்றாள். கையில் இரண்டாம் பரிசாகக் கொடுத்த எவர்சில்வர் டம்ளர்.

"ஐயா, ஒரு கவுளி வெத்தலை இருக்கு. நம்ம கொடிக்கால்ல வெளைஞ்சது. காலையிலேயே ஒங்ககிட்டக் குடுக்கணும்னுதான் கொண்டாந்தேன். பாட்டுக்கு முந்திக் குடுத்தா ஐயா தப்பா நெனைச்சுக்கிடுவாகளோன்னு வச்சிருந்தேன்" என்றார்.

நான் வெற்றிலை போடுகிற வழக்கமில்லை. கை நீட்டி வாங்கிக்கொண்டேன். பக்கத்தில் நின்ற வித்வான், கேட்காமலே கட்டிலிருந்து இரண்டு வெற்றிலைகளை உருவினார். வேட்டியில் துடைத்தார், காம்பைக் கிள்ளினார், இடுப்பிலிருந்த டப்பியைத் திறந்து நிதானமாகச் சுண்ணாம்பு தடவினார். வாயில் போட்டு மென்றுகொண்டே அந்தப் பெண்ணைப் பார்த்து, "நீ அந்த மேல் ஷட்ஜத்திலே நின்னியே, அதை யார் சொல்லிக் குடுத்தா ஆத்தா?" என்று கேட்டார்.

"யாரும் சொல்லிக் குடுக்கலை" என்றாள் அவள்.